மான்ட்கோமரியில் ஜெயித்தது வெறும் நடை அல்ல

இந்த விவாதத்தில் ஒருவர், "பரஸ்பர உதவிக் குழு எல்லாம் தர்மகாரியம், போராட்டத்தின் சக்தியை உறிஞ்சிவிடும், மான்ட்கோமரியில் மக்கள் நடந்தே ஜெயித்தார்கள்" என்கிறார். தவறு. நடந்தார்கள், சரி. ஆனால் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள அந்த நகரில், பேருந்துகளில் காட்டிய நிறப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் 1955 டிசம்பரில் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாட்கள் தாங்கியதற்கு, சுமார் 300 கார்களை வைத்து, ஏறும் இடம் நேரம் எல்லாம் குறித்து, அவர்களே நடத்திய போக்குவரத்து ஏற்பாடு பெரிய காரணம். பெட்ரோலுக்குப் பணம்? சமையல் வேலை பார்த்த ஜார்ஜியா கில்மோர், மற்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு சாப்பாடும் கேக்கும் செய்து விற்று, கிடைத்த காசைக் கூட்டத்தில் கொண்டுவந்து கொடுத்தார். யார் சமைத்தது என்று வெளியே சொல்லவில்லை, தெரிந்தால் வேலை போய்விடும். கொடுத்தவர்களும் அதே பேருந்தைப் புறக்கணித்தவர்கள்தான், இதில் தர்மம் எங்கே வந்தது?

எதிர்த்தரப்புக்கு இது நன்றாகவே புரிந்திருந்தது. கார்களின் இன்சூரன்ஸ் ரத்தானது, ஓட்டுநர்கள் மேல் அபராதம் விழுந்தது, கடைசியில் நகர நிர்வாகம் நீதிமன்றம் போய் 1956 நவம்பர் 13 அன்று அந்த ஏற்பாட்டுக்கே தடை வாங்கியது. அதே நாளில்தான், பேருந்துகளில் நிறப் பாகுபாடு செல்லாது என்ற அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் புறக்கணித்தவர்களுக்குச் சாதகமாக வந்தது.

உதவிக் குழுக்களில் ஆட்கள் களைத்துப்போவது உண்மை. அதற்கு வேலையை முறைவைத்துப் பிரியுங்கள், கணக்கை எல்லோர் முன்னாலும் வையுங்கள். குழுவே வேண்டாம் என்று புதிதாக வருகிறவர்களிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள்.