பித்தப்பைக் கல்லுக்கு எந்த வார்டு?

எங்கள் தெருமுனையில் இட்லிக்கடை போட்டிருக்கும் அக்கா ஒரு திருநங்கை. போன மாசம் ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினார். ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போனோம். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை.

சீட்டு போடுகிறவர் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார். ஆதாரைக் கேட்டார். அதில் இன்னும் பழைய பேர்தான். அதையே எழுதி, 'ஆண்' என்று போட்டுக் கொடுத்தார். அரை மணி கழித்து அந்தப் பேரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். சேலையோடு அக்கா எழுந்ததும் பெஞ்சில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. உயிர் போகிற வலியிலும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு நடந்தார்.

உள்ளே ஒரு இளம் டாக்டர். வயிற்றில் கை வைக்கும் முன்பே கேட்டார்: "ஹெச்ஐவி டெஸ்ட் கடைசியா எப்போ எடுத்தீங்க?"

"தம்பி, வலி வலது பக்கம், விலாவுக்குக் கீழ" என்றார் அக்கா.

பித்தப்பையில் கல். அட்மிஷன் போடச் சொன்னார்கள். ஆண்கள் வார்டா, பெண்கள் வார்டா என்று முடிவாகவே ஒரு மணி நேரம் போனது. கடைசியில் வராண்டாவில் ஒரு கட்டில் கிடைத்தது. எந்தப் பாத்ரூமுக்குப் போவது என்று தெரியாமல் விடியும்வரை அடக்கிக்கொண்டு படுத்திருந்தார். (காலை ஷிப்டுக்கு வந்த நர்ஸ் எங்கிருந்தோ ஒரு ஸ்கிரீனை இழுத்து வந்து மறைத்துவிட்டு, "என்னக்கா, வலி குறைஞ்சுதா?" என்றார். அந்த அம்மா நல்லா இருக்கணும்.)

இதைச் சொன்னால், தமிழ்நாட்டில் இல்லாத திட்டமா என்பார்கள். நியாயம்தான். 2008லேயே திருநங்கைகளுக்கு நலவாரியம் வைத்தோம். பாலின அறுவை சிகிச்சை, அதாவது அவர்கள் 'நிர்வாணம்' என்று சொல்வது, அரசு மருத்துவமனையில் இலவசம். ஆண், பெண் என்று உடலை வைத்துத் திட்டமாகச் சொல்லமுடியாமல் பிறக்கும் இடைபால் குழந்தைகளுக்கு உயிராபத்து இல்லாதபோது கத்தி வைக்கக்கூடாது என்று 2019இல் நாட்டிலேயே முதலில் அரசாணை போட்டதும் நாம்தான். எனக்கும் பெருமைதான்.

ஆனால் நம் ஆஸ்பத்திரிகளுக்கு இவர்கள் கண்ணில் படுவது இரண்டே வாசலில். ஒன்று நிர்வாணம், இன்னொன்று ஹெச்ஐவி. சுகர், பிரஷர், பல்வலியோடு வந்தால் யாருக்கும் கை ஓடுவதில்லை. பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும், தாடி வைத்த திருநம்பி கர்ப்பப்பைக் கட்டிக்காக மகளிர் பிரிவு வரிசையில் நின்றால், பொண்டாட்டியைக் கூட்டிவந்தவர் என்று நினைத்து வெளியே போகச் சொல்கிறார்கள். ஆணை விரும்பும் என் நண்பன் ஒருவன் டாக்டர் எதைக் கேட்டாலும் "அதெல்லாம் இல்லை சார்" என்றுதான் சொல்லிவைக்கிறான். டாக்டரும் பொய்க்கு மருந்து எழுதுகிறார்.

ரத்ததானத்தைப் பாருங்கள். 2017இல் வந்த மத்திய அரசு விதிமுறை திருநங்கைகளையும் ஆணோடு உறவுகொள்ளும் ஆண்களையும் மொத்தமாக ஒதுக்கிவைத்தது. எப்படி வாழ்கிறார் என்று தனித்தனியாகக் கேட்பதுகூட இல்லை. யார் கொடுத்தாலும் ரத்தத்தைப் பரிசோதிக்கத்தானே போகிறோம்?

மருத்துவப் பாடத்திட்டத்தைத் திருத்தவேண்டும் என்று 2019 திருநர் சட்டமே சொல்கிறது. அது நடக்கும்போது நடக்கட்டும். சீட்டில் 'கூப்பிட வேண்டிய பேர்' என்று ஒரு கோடு சேர்க்க எத்தனை கோடி வேண்டும்? இரண்டு கட்டில் போட ஒரு தனி அறை இல்லாத மாவட்ட ஆஸ்பத்திரி உண்டா?

அக்காவுக்கு ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். "எண்ணெய்ப் பலகாரத்தை விட்டுட்டேன், இப்ப வலி இல்ல" என்று இட்லித் தட்டுக்குத் துணி விரித்துக்கொண்டிருக்கிறார். தேதி தாண்டி ஒன்பது நாள் ஆகிறது.