வொர்க் ஃப்ரம் ஹோம் வேலை, கைக்காசில் ஆபீஸ் பயணம்

அமெரிக்காவில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது டல்லாஸ். கம்பெனியின் தலைமை அலுவலகம் சியாட்டிலில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் நேரில் வர வேண்டும் என்று போன வருடம் சொன்னார்கள். விமானம், ஓட்டல், டாக்சி எல்லாம் அவரவர் செலவு. ஒரு தடவைக்கு 1,100 டாலர் ஆனது, வருடத்துக்கு 4,400. "டாக்ஸ் ஃபைல் பண்ணும்போது கழித்துக்கொள்ளலாம்" என்று நண்பர்கள் சொன்னதை நம்பி ரசீதுகளை எல்லாம் ஒரு உறையில் சேர்த்து வைத்தேன். எங்களுக்கு வரி பார்க்கும் அக்கா அந்த உறையைப் பிரிக்கக்கூட இல்லை. "டபிள்யூ-2 சம்பளக்காரர்களுக்கு அது போய் வருஷமாச்சு தம்பி" என்றார். டபிள்யூ-2 என்பது கம்பெனி வருடாவருடம் தரும் சம்பளப் படிவம்.

வேலைக்காகச் செய்த செலவை வரிக்கான வருமானத்தில் கழிக்கும் வசதி 2017 வரை இருந்தது. படிவம் 2106 நிரப்பி, கழிவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிடும் ஷெட்யூல் ஏ-யில் காட்ட முடிந்தது. 2018 முதல் 2025 வரை அதை நிறுத்தி வைத்தார்கள். 2026-இல் திரும்ப வந்துவிடும் என்றுதான் பலரும் நினைத்திருந்தோம். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அந்தக் கதவை நிரந்தரமாகச் சாத்திவிட்டது. ராணுவ ரிசர்வ் படையினர், சில மேடைக் கலைஞர்கள், கட்டண அடிப்படையில் வேலை செய்யும் மாநில, உள்ளாட்சி அலுவலர்கள், உடல் குறைபாடு காரணமாக வேலைச் செலவு செய்பவர்கள் ஆகியோருக்கு மட்டும் அந்தப் படிவம் இன்னும் உண்டு.

பழைய விதி ஒன்றும் தாராளமானதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டு வருமானத்தில் 2 சதவீதத்தைத் தாண்டிய செலவுதான் கணக்கில் வரும். ஒரு லட்சம் டாலர் வருமானம் என்றால் என் 4,400-இல் முதல் 2,000 போய்விடும். பட்டியல் போடாமல் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் என்ற நிலையான கழிவை எடுப்பவருக்கு அதுவும் இல்லை. ஆனாலும் ஒரு வழி என்று இருந்தது.

எனக்கு மனசு ஆறாதது இதுதான். கம்பெனியே டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் அது கம்பெனிக்குத் தொழில் செலவு, கழித்துக்கொள்ளும். அதே கூட்டத்துக்கு வரும் கான்ட்ராக்டர், சுயதொழில் கணக்குக் காட்டும் ஷெட்யூல் சி-யில் கழித்துக்கொள்வார். அதே விமானத்தில், பக்கத்து சீட்டில் வரும் சம்பளக்காரர் மட்டும் வரி கட்டிய பிறகு மிஞ்சிய காசில் போக வேண்டும். 22 சதவீத வரி வரம்பில் இருப்பவர் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தமும் போக 4,400 டாலரைக் கையில் எடுக்க, சுமார் 6,250 சம்பாதித்திருக்க வேண்டும். இது எப்படி நியாயமாகும்?

சரி, சட்டம் மாறும் வரை என்ன செய்வது? செலவைக் கம்பெனியே திருப்பித் தரும்படி கேட்பதுதான் ஒரே உருப்படியான வழி. அதையும் 'அக்கவுண்டபிள் பிளான்' முறையில் தர வேண்டும்: வேலைக்கான செலவாக இருக்க வேண்டும், நாம் ரசீதோடு கணக்குக் கொடுக்க வேண்டும், முன்பணம் மிஞ்சினால் திருப்பித் தர வேண்டும். அப்படி வரும் பணம் வருமானமாகாது, டபிள்யூ-2-விலும் ஏறாது. மாறாக "பயணப்படி" என்று மாதாமாதம் ஒரு தொகையைக் கணக்குக் கேட்காமல் போட்டால், அது சம்பளம்தான், வரி பிடிப்பார்கள்.

அப்புறம், ஆஃபர் லெட்டரில் உங்கள் பணியிடம் என்று எதைப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். நான் மூன்று வருடம் பார்க்காமல் இருந்துவிட்டேன். பணியிடம் தலைமை அலுவலகம், வீட்டிலிருந்து செய்வது உங்கள் வசதிக்காக என்று இருந்தால், டல்லாஸிலிருந்து சியாட்டில் போவதுகூட தினசரி ஆபீஸ் போய் வருவது மாதிரிதான் கணக்காகும். அப்போது கம்பெனி கொடுக்கும் பணத்துக்கும் வரி விழும்.

கலிஃபோர்னியாவில் வேலை செய்பவர்களுக்கு லேபர் கோட் 2802 என்ற தொழிலாளர் சட்டப் பிரிவு இருக்கிறது. வேலைக்குத் தேவையான செலவை முதலாளி கொடுத்தே ஆக வேண்டும். இலினாயில் 2019 முதல் இதே மாதிரி சட்டம் உண்டு. பென்சில்வேனியாவில் மாநில வரியிலாவது கழிக்கலாம். டெக்சாஸில் மாநில வருமான வரியே இல்லை, அதனால் எனக்கு அந்த வழியும் இல்லை.

போன வாரம் மேனேஜருக்கும் எச்ஆருக்கும் மெயில் அனுப்பினேன். பணியிடம் டல்லாஸ் என்று மாற்றுங்கள், பயணச் செலவை ரசீதுக்குத் திருப்பித் தாருங்கள், இரண்டே கோரிக்கை. பதில் வரும் வரை அடுத்த பயணத்துக்கு டிக்கெட் போடப்போவதில்லை.