'சேஞ்ச்' என்றால் ஜெர்மனில் என்ன?

ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை அனுப்பி, "இதற்கு ஜெர்மனில் என்ன?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எந்த வாக்கியத்தில்?" சிலருக்கு இதில் வருத்தம். இத்தனை காலம் மொழிபெயர்ப்பவருக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைக்கிறார்கள். தெரிந்திருப்பதால்தான் கேட்கிறேன்.

'சேஞ்ச்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் ரயில் மாறினால் ஜெர்மனில் அது உம்ஷ்டைகன். குழந்தைக்கு டயப்பர் மாற்றினால் விக்கெல்ன். யூரோவை டாலராக மாற்றினால் வெக்ஸெல்ன். கடவுச்சொல்லை மாற்றினால் எண்டர்ன். கடைக்காரர் திருப்பித் தரும் மீதிப் பணம் வெக்ஸெல்கெல்ட். பையில் கிடக்கும் சில்லறை கிளைன்கெல்ட். ஆங்கிலம் இத்தனைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளித்துவிடுகிறது. ஜெர்மன் பேசுபவருக்கோ ரயில் மாறுவதும் டயப்பர் மாற்றுவதும் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு வேலைகள்.

உடை மாற்றுவதற்கு உம்ட்சீயன் என்று ஒரு வினை உண்டு. 'என்னை' என்று பொருள்படும் சின்னஞ்சிறு சொல்லைச் சேர்த்துச் சொன்னால் உடை மாற்றுகிறேன் என்று பொருள். அதை விட்டுவிட்டால் வீடு மாறுகிறேன் என்று ஆகிவிடும். சொல்லைச் சரியாகத் தேர்ந்தெடுத்த பிறகும் வாக்கியம் இல்லாமல் ஓர் அடி நகர முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

எனக்கு மிகவும் பிடித்தது, 'வை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் 'புட்'. "அவள் புத்தகத்தை அங்கே வைத்தாள்" என்று ஆங்கில நாவலாசிரியர் எழுதிவிட்டுப் போய்விடுவார். ஜெர்மனில் புத்தகத்தை அலமாரியில் நிமிர்த்தி வைத்தால் ஷ்டெல்லன், மேசைமேல் படுக்கவைத்தால் லேகன். பைக்குள் செருகினால் ஷ்டெக்கன். எது என்று தெரிந்துகொள்ள நான் நாலு பக்கம் பின்னால் போய், அந்த அறையில் அலமாரி இருந்ததா, கட்டில் இருந்ததா என்று தேட வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: தட்டையாக இருக்கும் சாப்பாட்டுத் தட்டு, மேசைமேல் படுத்திருப்பதில்லை, ஜெர்மனில் அது நிற்கிறது. தனக்கென்று ஓர் அடிப்பாகம் இருக்கிற பொருள் நிற்கும். இந்த நுணுக்கங்களைத் தொல்லை என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இந்தத் தொழிலில் இருக்கும் பெரிய இன்பமே இதுதான். மூல ஆசிரியர் காட்டாமல் விட்ட அறையை நான் கண்ணால் பார்த்தாக வேண்டியிருக்கிறது.

என் கோபம் வேறு இடத்தில். மென்பொருள், விளையாட்டு, இணைய விற்பனை நிறுவனங்கள் சில, வெறும் சொற்களை எக்செல் கோப்பில் வரிசையாக அடுக்கி அனுப்புகின்றன. பக்கத்துக் கட்டம் காலி. அதில் ஜெர்மனை நிரப்ப வேண்டும். 'சேவ்' என்று ஒரு கட்டம். கோப்பைச் சேமிக்கும் பொத்தானா? அப்படியானால் ஷ்பைசர்ன். பணத்தை மிச்சப்படுத்துவதா? ஷ்பாரன். விளையாட்டில் யாரையாவது காப்பாற்றுவதா? ரெட்டன். அடுத்த கட்டத்தில் 'ஓப்பன்'. 'திற' என்ற கட்டளையா, 'திறந்திருக்கிறது' என்ற அறிவிப்பா? கேட்டு எழுதினால், "பொதுவாகப் போட்டுவிடுங்கள்" என்று பதில் வருகிறது. பொதுவான ஜெர்மன் சொல் என்று ஒன்று இருந்தால் போடமாட்டேனா? 'கெட்டெக்ஸ்ட்' போன்ற மொழிபெயர்ப்புக் கருவிகளில், சொல் எந்த இடத்தில் வருகிறது என்று குறிப்பதற்கே தனி வசதி இருக்கிறது. நிரல் எழுதுபவர் ஒரு வரி தட்டினால் போதும். அந்த ஒரு வரியைத் தட்டாமல் விட்டுவிட்டு, திரையில் தப்பான சொல் வந்ததும் மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்வது அநியாயம்.

கூலிக் கணக்கும் இதற்குத் துணைபோகிறது. பல இடங்களில் சொல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. ஜெர்மனியில் 55 எழுத்திடங்களை ஒரு வரியாக வைத்து எண்ணும் வழக்கம் உண்டு. எப்படி எண்ணினாலும், மூன்று எழுத்துச் சொல்லுக்காகச் செலவான அரை மணி நேரம் அந்தக் கணக்கில் வருவதில்லை.

"இயந்திரம் செய்துவிடுமே" என்பார்கள். ஜெர்மனியின் கொலோன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட டீப்எல் என்ற இயந்திர மொழிபெயர்ப்புச் சேவை 2017இல் வந்தது. நானும் பயன்படுத்துகிறேன், நல்ல கருவி. முழு வாக்கியத்தைக் கொடுத்தால் ரயிலுக்கு உரிய சொல்லையும் உடைக்கு உரிய சொல்லையும் பெரும்பாலும் பிரித்துத் தந்துவிடுகிறது. வெறும் சொல்லைக் கொடுத்தால் அதுவும் ஊகிக்கத்தான் வேண்டும். ஆனால் ஊகிக்கிறேன் என்று அது உங்களிடம் சொல்லாது. நான் சொல்வேன். அதனால்தான் திருப்பிக் கேட்பதைத் திறமைக் குறைவாக நினைக்கவே கூடாது என்கிறேன். கேட்காமல் கட்டத்தை நிரப்பித் தருபவரிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

எனவே சொல் கேட்டு எழுதுபவர்கள் தயவுசெய்து அது வரும் வாக்கியத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பொத்தானில் வரும் சொல் என்றால் அந்தத் திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள். உரையாடல் என்றால் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். ஆங்கில 'யூ' அங்கே 'நீ'யா 'நீங்க'ளா என்பதைக்கூட ஜெர்மனில் நான் முடிவு செய்தாக வேண்டும்.