பதினோரு ஆண்டுகள் பின்வரிசை நாற்காலியில்

போன மாதம் எங்கள் சேவைச் சங்கம் நடத்திய இரத்ததான முகாமில் பதிவு மேசைக்கு வரவேண்டிய இருவர் வரவில்லை. நான் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்த என் மனைவி, நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு அந்த மேசையில் உட்கார்ந்துவிட்டாள். முதல் முறையாக இரத்தம் கொடுக்க வந்த ஒரு கல்லூரி மாணவனுக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஊசி போட்டு எடுக்கும்வரை அவன் பக்கத்திலேயே நின்று, அவன் படிப்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். எழுந்து போகும்போது, அடுத்த முகாம் எப்போது என்று அவளிடம்தான் கேட்டான்.

மாலையில் சங்க நண்பர் ஒருவர் என்னிடம், "அந்த அம்மா யார்? புது உறுப்பினரா?" என்று விசாரித்தார். நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. 11 ஆண்டுகளாக ஒவ்வொரு பதவியேற்பு விழாவுக்கும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவள் அவள். எங்கள் அழைப்பிதழிலும் அறிமுக உரையிலும் அவளுக்கு என் பெயர்தான். அவள் பெயரைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

தோழமையில் தொடங்கியவைதான் இந்தச் சங்கங்கள். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று பேருடன் கூடியதுதான் ரோட்டரியின் முதல் கூட்டம். ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், இன்னொருவர் தையற்காரர். பெருநகரத்தில் நட்பு தேடியவர்கள். முறைவைத்து ஒவ்வொருவர் அலுவலகத்திலும் கூடியதால்தான், 'சுழல்வது' என்று பொருள்படும் அந்தப் பெயரே வந்தது. சேவைத் திட்டங்கள் பிறகு வந்தவை.

அந்தத் தோழமையின் கதவு பெண்களுக்கு மிகத் தாமதமாகவே திறந்தது. 1924-இல் மான்செஸ்டரில் மார்கரெட் கோல்டிங் தலைமையில் ரோட்டரி உறுப்பினர்களின் மனைவியர் இன்னர் வீல் சங்கத்தைத் தனியாகவே தொடங்கினார்கள். அரிமா (லயன்ஸ்) சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1987-இல். ரோட்டரி தன் விதியை மாற்றியது 1989-இல். சட்டம் மாறி இத்தனை ஆண்டுகளாகியும் எங்களைப் போன்ற சங்கங்களில் பின்வரிசை பின்வரிசையாகவே இருக்கிறது. அரிமா சங்கத்தில் ஒரே வீட்டில் ஒருவர் முழுச் சந்தா கட்டினால், மேலும் நான்கு பேர் வரை பன்னாட்டுத் தலைமைக்குச் செலுத்தும் சந்தாவில் பாதி கட்டினால் போதும். இப்படி ஒரு வழி இருக்கும்போது அதை வீட்டில் சொல்லக்கூட நேரமில்லாத உறுப்பினர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

குடும்பம் வந்தால் கூட்டத்தின் ஒழுங்கு கெடும் என்பார்கள். கணக்கு வழக்குப் பேசும் நிர்வாகக் குழுவுக்குப் பிள்ளைகள் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முகாமுக்கு? மரம் நடும் வேலைக்கு? அங்கே அவர்களைக் கூப்பிட்டுப் படம் எடுத்து அனுப்பிவிடுவது கூப்பிடாமல் இருப்பதைவிட மோசம். ஒரு பொறுப்பைக் கையில் கொடுக்க வேண்டும். விருப்பம் இல்லை என்றால் வற்புறுத்தவும் கூடாது. வீட்டில் எல்லோருக்கும் இதில் நாட்டம் இருந்தாக வேண்டும் என்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் மூன்று மாதமாகக் கூட்டத்துக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று எழுதியதோடு எங்கள் அக்கறை முடிந்துவிட்டது. பதிவு மேசையில் அன்று என் மனைவிக்குத் துணையாக உட்கார்ந்த இன்னோர் உறுப்பினரின் மனைவி மூலமாகத்தான், அந்த மூத்த உறுப்பினரின் தாயார் படுத்த படுக்கையாக இருப்பதும் இரவெல்லாம் அவரே கண்விழித்துப் பார்த்துக்கொள்வதும் தெரிந்தது. மறுநாளே நான்கு குடும்பங்கள் முறைவைத்துக்கொண்டோம். இப்போது வாரத்தில் இரண்டு இரவுகள் அவர் தூங்குகிறார். இதைவிடப் பெரிய சேவைத் திட்டம் எங்கள் சங்கம் இந்த ஆண்டு எதையும் செய்யவில்லை என்றே நினைக்கிறேன்.

அடுத்த பதவியேற்பு விழாவுக்கு அழைப்பிதழ் தயாராகிறது. உறுப்பினர்களின் வீட்டார் அனைவரையும் அவரவர் சொந்தப் பெயரில் அச்சிட வேண்டும் என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். பட்டியலைச் சரிபார்க்கும் வேலையை நானே வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் பேசி, பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.