ஓடுகிற பிள்ளைக்குப் பசிக்க வேண்டும்

இரண்டு மாதத்துக்கு முன் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்து மைதானம் ஒன்றில் பயிற்சி. 5,000 மீட்டருக்கு நான் பழக்கும் பிள்ளை ஒருத்தி எட்டாவது சுற்றில் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். வாந்தி. ஓடத் தொடங்குமுன் குடித்த குளுக்கோஸ் தண்ணீர் அப்படியே வெளியே வந்தது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். "பசிக்கவே இல்ல சேர்" என்றாள். முந்தின நாள் இரவும் பசிக்கவில்லையாம்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. கட்டாரில் வேலை செய்யும் சித்தி, தன் சீனி வருத்தத்துக்கு டொக்டர் எழுதிக் கொடுத்த ஊசிப் பேனாக்களில் புதிதாக ஒன்றை இவளுக்கு விட்டுப் போயிருக்கிறார். மூன்று கிலோ குறைந்தால் நேரமும் குறையும் என்று நம்பி, வாரம் ஒரு தடவை இவளே குத்திக்கொண்டிருக்கிறாள். நான் திட்டவில்லை. எடை, எடை என்று இந்தப் பிள்ளைகளின் காதில் ஓதுகிறவர்கள் எங்களைப் போன்ற பயிற்றுவிப்பாளர்கள்தானே.

அது செமாகுளூடைட். ஒசெம்பிக், வெகோவி என்ற பெயர்களில் வருவது. சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஒரு ஹோர்மோனைப் போல வேலை செய்து, மூளைக்கு வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்கிறது. இரைப்பை காலியாவதையும் மெதுவாக்குகிறது. நீரிழிவு உள்ளவருக்கும், உடல் பருமனால் நோய்ப்பட்டவருக்கும் நல்ல மருந்து. அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஓட்டக்காரிக்கு அதே வேலை எதிராகத் திரும்புகிறது. ஓட்டத்துக்கு முன் குடித்தது வயிற்றிலேயே கிடந்து குமட்டும். வாந்தியும் வயிற்றோட்டமும் வந்தால் உடலில் தண்ணீர் வற்றும்.

எடை குறைந்தால் வேகம் கூடும் என்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். உடல் பருமன் உள்ளவர்களுக்கு 68 வாரம் இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், ஸ்கேன் எடுக்கப்பட்டவர்களிடம் குறைந்த எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் கொழுப்பு அல்ல. தசையும் சேர்ந்த மற்றத் திசு. குறைக்கக் கொழுப்பே இல்லாத இந்தப் பிள்ளையிடமிருந்து எது போகும்? மேட்டில் ஏற்றிவிடும் தொடைதான் போகும். ஓடும் அளவுக்குச் சாப்பாடு இல்லாவிட்டால் பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தள்ளும், எலும்பு மெலியும், காலில் மயிரிழை முறிவு வரும்.

அதிலும் எங்கள் பிள்ளைகள் எங்கிருந்து தொடங்குகிறார்கள்? 2016 சுகாதார ஆய்வின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளைக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. நாடு முழுவதற்கும் அது 17 சதவீதம். அம்மா விடியலில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன பிறகு, லயத்து வரிசை வீட்டில் ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியுமாக வளர்ந்த உடம்பு இது. சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி இரும்புச் சத்தைச் சேரவிடாது என்பதையே வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அந்த உடம்பில் இருக்கும் பசியையும் ஊசி போட்டு அடக்குவதா?

"தடை செய்த மருந்து இல்லையே சேர்" என்று இன்னொரு பையன் கேட்டான். சரி, தடையில்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2024இல் இதைக் கண்காணிப்புப் பட்டியலில்தான் சேர்த்தது. தடையில்லை என்பதால் உடம்புக்கு ஆகும் என்று ஆகிவிடாது. வட்ஸ்அப்பில் "மூலிகை" என்று விற்கும் மெலிவு மாத்திரைகளோ இன்னும் மோசம். அப்படிப்பட்டவற்றில் பசியை அடக்கும் சிபுட்ரமின் கலந்திருப்பதைப் பல நாடுகளில் பிடித்திருக்கிறார்கள். இதயத்துக்கு ஆபத்து என்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து எடுத்த மருந்து அது. போட்டியில் சிக்கினால் தடையும் உண்டு.

பிள்ளையை அவள் அம்மாவோடு டொக்டரிடம் கூட்டிப் போனேன். ஊசியை நிறுத்தியாயிற்று. ஆனால் ஒரு வாரத்தில் பாதிதான் உடம்பை விட்டுப் போகும். முழுதாகப் போக ஐந்து வாரமளவில் ஆகும். அதுவரை மணிக்கூடு பிடித்து ஓடவிடவில்லை. நடை, மெல்லோட்டம், அவித்த கடலை, முட்டை.

போன ஞாயிறு பயிற்சி முடிந்து இறங்கி வரும்போது அவளே கேட்டாள்: "சேர், சந்திக் கடையில ரொட்டி இருக்குமா?"