காலை ஆறு மணிக்கு வந்து பாருங்க என் வண்டியை

மூணு வாரம் அலைஞ்சாச்சு. 12,800 ரூபா போயாச்சு. பேட்டரி மாத்தியாச்சு, செல்ஃப் மோட்டார் பிரிச்சு வேலை பார்த்தாச்சு, கோயம்புத்தூர் வரைக்கும் கொண்டுபோய் ஸ்கேன் போட்டாச்சு. பழுது இருந்தது ஹீட்டர் பிளக்குல. குளிர்ல டீசல் எஞ்சின் எடுக்கறதுக்காக உள்ள சூடாக்கித் தர்ற, விரல் அளவு சாமான். இதைக் கண்டுபிடிக்க இத்தனை பேர்ல ஒருத்தருக்குக்கூட அஞ்சு நிமிஷம் கிடைக்கலன்னு நினைக்கறப்ப வயிறு எரியுது.

நான் இருக்கறது ஊட்டி தலைகுந்தா பக்கம். மார்கழில விடிஞ்சு பார்த்தா புல்லு மேல உப்பு கொட்டின மாதிரி உறைபனி கிடக்கும், கார் கண்ணாடியைச் சுரண்டித்தான் எடுக்கணும். வண்டி பத்து வருஷம் ஓடின டீசல் கார். மதியம் சாவியைத் திருப்பினா உடனே எடுக்கும். காலைல ஆறு மணிக்கு செல்ஃப் விறுவிறுன்னு சுத்தும், சுத்திக்கிட்டே இருக்கும், எஞ்சின் பிடிக்காது. நாலஞ்சு தடவை அடிச்ச பிறகு ஒத்தை சிலிண்டர்ல ஓடற மாதிரி உதறி, பின்னாடி வெள்ளைப் புகையாத் தள்ளி, அப்புறம்தான் சரியாகும். ராத்திரி இறக்கத்துல நிறுத்தி சக்கரத்துக்குக் கல்லு வெச்சுட்டுப் படுப்பேன். காலைல கல்லை எடுத்துட்டு, உருட்டி, செகண்ட் கியர்ல கிளட்ச்சை விட்டு எடுப்பேன். மலைல இருக்கற எல்லாருக்கும் தெரிஞ்ச வித்தை. ஆனா அது ஒரு வைத்தியமா?

முதல் ஒர்க்‌ஷாப்ல பானெட்டைக்கூடத் திறக்கல. "குளிருக்குப் பேட்டரி போயிருக்கும் சார், மாத்திடலாம்." 6,800. குளிர்ல பேட்டரி தெம்பு குறையும், உண்மைதான். பேட்டரியைச் சந்தேகப்படறதுல தப்பே இல்ல. ஒரு மீட்டரை வெச்சு அளக்காம மாத்தச் சொல்றதுதான் தப்பு. எஞ்சின் அணைஞ்சு நிக்கறப்ப, முழு சார்ஜ் உள்ள பேட்டரில 12.6 வோல்ட் இருக்கணும், செல்ஃப் அடிக்கறப்ப 9.6-க்குக் கீழ இறங்கக் கூடாது. பார்க்க ஒரு நிமிஷம் ஆகுமா? டெர்மினல்ல பச்சை பூத்திருக்கா, எர்த் வயர் இறுக்கமா இருக்கான்னு கையை வெச்சாவது பார்த்தாங்களா?

புதுப் பேட்டரி போட்ட மறுநாள் காலைல அதே கதை. "அப்ப செல்ஃப்தான் சார்." 4,500. செல்ஃப் வேகமா சுத்துதுன்னு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்! பேட்டரியோ செல்ஃப்போ கெட்டிருந்தா லொக்... லொக்குன்னு இழுத்து இழுத்து சுத்தும், இல்லாட்டி டொக்குன்னு ஒரு சத்தத்தோட நின்னுடும். விறுவிறுன்னு சுத்தியும் எடுக்கலன்னா பெரும்பாலும் டீசல் வரல, இல்லாட்டி வந்த டீசல் தீப்பிடிக்கல. இந்த வித்தியாசம் தெரியாமலா கடை வெச்சிருக்காங்க?

அடுத்தது கோயம்புத்தூர். ரெண்டு நாள் வெச்சுக்கிட்டு, 1,500 ரூபா ஸ்கேன் பில்லோட, "வண்டில ஒரு குறையும் இல்ல சார்"னு சொல்லி அனுப்பினாங்க. அங்க எப்படி இருக்கும் குறை? அந்த வெயில்ல நல்லாத்தானே எடுக்கும்! ஊட்டி ஒர்க்‌ஷாப்பும் அப்படித்தான், பத்து மணிக்குத் திறப்பாங்க, வண்டி அங்க போய்ச் சேரறதுக்குள்ள சூடாயிருக்கும். "ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போறேன், காலைல ஆறு மணிக்கு ஒரு தடவை அடிச்சுப் பாருங்க"ன்னு கெஞ்சினேன். அவ்வளவு சீக்கிரம் ஆள் வராதாம்.

இதுக்கு நடுவுல ஒரு நாள் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். கோயம்புத்தூர்ல ஒன்பது மணிக்கு நேரம் வாங்கியிருந்தேன். அஞ்சரைக்கே ஸ்வெட்டர் போட்டு, சால்வையைப் போர்த்திக்கிட்டு அம்மா திண்ணைல உக்காந்துட்டாங்க. முந்தின நாள் விருந்தாளி வண்டிக்கு வழி விட்டு மேட்டுல நிறுத்தியிருந்தேன், உருட்டவும் முடியல. முக்கால் மணி நேரம் அந்தப் பனில அவங்களை உக்கார வெச்சேன். டாக்ஸி பிடிச்சுப் போய்ச் சேர்றதுக்குள்ள அவங்க முறை போயிடுச்சு. அடுத்த தேதி ஒரு மாசம் கழிச்சு. எனக்கு ஆறாதது இதுதான்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அண்ணன், டூரிஸ்ட் ஜீப் ஓட்டறவர், ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, அடிக்கறப்ப வெள்ளைப் புகை வருதா?" வருதுண்ணா, கண்ணு எரியற அளவுக்கு. "அது தீப்பிடிக்காத டீசல். ஹீட்டர் பிளக்கைப் பாரு."

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது. காத்தை அமுக்கறப்ப வர்ற சூட்டுலதான் டீசல் பத்தணும். ராத்திரி முழுக்கப் பூஜ்யம் டிகிரில கிடந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிடும். போதாததுக்கு 2,200 மீட்டர் உயரத்துல காத்தும் மெலிசு. அதனாலதான் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளயும் ஒரு ஹீட்டர் பிளக். டாஷ்போர்டுல மஞ்சள் சுருள் விளக்கு எரிஞ்சு அணையுதே, அந்த நேரத்துல அது பழுக்கக் காயணும். என் வண்டில பிளக் செத்தாலும் விளக்கு ஒழுங்கா எரிஞ்சு அணையும், அதை நம்பித்தான் நானும் ஏமாந்தேன்.

350 ரூபாய்க்கு மல்டிமீட்டர் வாங்கினேன். சாவியைப் போட்டதும் பிளக் வரைக்கும் கரண்ட் வருது, அப்ப பிளக்குக்குக் கரண்ட் அனுப்பற ரிலே நல்லாருக்கு. மேல இருக்கற பட்டையைக் கழட்டி ஒவ்வொரு பிளக்கா ஓம்ஸ், அதாவது மின்தடை, பார்த்தேன். ஒண்ணு ஒரு ஓமுக்குள்ள காட்டுச்சு. மத்த மூணுலயும் தொடர்பே இல்ல. நாலுல மூணு செத்துக் கிடக்கு! அண்ணனே கழட்டிக் குடுத்தார், எஞ்சின் சூடா இருக்கறப்ப, முந்தின ராத்திரியே எண்ணெய் விட்டு ஊற வெச்சு. ஊற வெக்காம, ஆறின எஞ்சின்ல முறுக்கினா பிளக் உள்ளேயே ஒடிஞ்சாலும் ஒடிஞ்சுடும். புதுசு நாலும் சேர்த்து 2,600.

தயவுசெஞ்சு யாரும் காத்துக் குழாய்ல ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்காதீங்க, ஹீட்டர் பிளக் இருக்கற எஞ்சின்ல அது உள்ளயே வெடிக்கலாம். எனக்கு அந்த யோசனை சொன்னதும் ஒரு மெக்கானிக்தான். பனி படிஞ்ச கண்ணாடில கொதிக்கற தண்ணியும் ஊத்தாதீங்க, விரிசல் விட்டுடலாம்.

பிளக் மாத்தி இன்னைக்கு ஒன்பதாவது நாள். காலைல அஞ்சே முக்காலுக்கு முதல் அடியிலயே எடுத்துச்சு. நேரா அந்த முதல் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் என் பழைய பேட்டரியைக் கேட்டேன். அதுவும் இதே வேகத்துலதானே செல்ஃப்பைச் சுத்துச்சு? அது அப்பவே பழைய சாமான் கடைக்குப் போயிடுச்சாம். அளந்து பார்த்தீங்களான்னு கேட்டேன். பதிலே சொல்லாம அடுத்த வண்டிக்குப் போயிட்டார்.