ஜஸ்ட் பாஸுக்கு எதற்கு பேனர் என்று கேட்பவர்களுக்கு

அந்த மீமை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், அதை இங்கே மறுபடி ஒட்டி இன்னும் நாலு பேருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக இல்லை. ஃபுட்பால் மைதான ஸ்டாண்டில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழும் ஒரு பெரியவர், கழுத்தில் நீல மஃப்ளர், தலைக்கு மேலே "ஜஸ்ட் பாஸ் ஆனவனுக்கு ஊரெல்லாம் பேனர்" என்று கொட்டை எழுத்து. நம் குரூப்பில் பாதிப் பேர் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். போனால் போகட்டும் என்றுதான் இருந்தேன். அப்புறம் கீழே கமெண்டில் "பதினேழாவது இடத்துக்கே இந்த அழுகையா, இவங்க கப் ஜெயிச்சா ஆம்புலன்ஸ் வேணும்" என்று ஒருவர் போட்டு, அதற்கும் ஹார்ட் விழுந்ததைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜஸ்ட் பாஸ் என்பதே தப்பான கணக்கு. பரீட்சையில் 35 எடுத்தால் பாஸ், பக்கத்து பெஞ்சுக்காரன் தொண்ணூறு எடுத்தாலும் சரி, முட்டை வாங்கினாலும் சரி, உன் பாஸ் உனக்கு. வகுப்பு மொத்தமும் பாஸாகலாம். இங்கிலாந்தின் பெரிய ஃபுட்பால் லீக்கான பிரீமியர் லீக்கில் அது நடக்காது. இருபது அணியில் கடைசி மூன்று ஃபெயிலாகி அடுத்த கீழ் லீக்குக்கு இறங்கியே தீர வேண்டும் (இதுதான் ரெலிகேஷன், பதினேழாவது வரை வந்தவர்கள் பிழைத்தார்கள்), எல்லோரும் நன்றாக ஆடினாலும் மூன்று, எல்லோரும் கேவலமாக ஆடினாலும் அதே மூன்று. அதைவிடக் கொடுமை, பாஸ் மார்க் எவ்வளவு என்று கடைசி நாள் வரை யாருக்கும் தெரியாது. நாற்பது பாயின்ட் எடுத்தால் பிழைத்தோம் என்று டிவியில் ஓதிக்கொண்டே இருப்பார்கள். 2002-03இல் வெஸ்ட் ஹாம் 42 பாயின்ட் எடுத்தும் இறங்கியது. 2023-24இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், நாலு பாயின்ட் பிடுங்கப்பட்ட பிறகு மிஞ்சிய 32ஐ வைத்துக்கொண்டு தப்பித்தது. ஒரே விளையாட்டு, ஒரே 38 மேட்ச், பாஸ் மார்க்கில் மட்டும் இவ்வளவு பள்ளம். இதில் எங்கே இருக்கிறது உங்கள் ஜஸ்ட் பாஸ்?

2005 மே மாதத்தை யாராவது ஞாபகம் வைத்திருக்கிறீர்களா? கிறிஸ்துமஸ் அன்று கடைசி இடத்தில் இருந்த எந்த அணியும் அதுவரை பிரீமியர் லீக்கில் தப்பித்ததே கிடையாது. வெஸ்ட் பிராம் கிறிஸ்துமஸிலும் கடைசி, சீசனின் கடைசி நாள் காலையிலும் கடைசி. அன்றைக்கு போர்ட்ஸ்மத்தை 2-0 என்று ஜெயித்தார்கள், மற்ற மூன்று மைதானங்களிலும் நடக்க வேண்டியது நடந்தது, சாயங்காலம் 34 பாயின்டோடு பதினேழாவது. தோற்ற போர்ட்ஸ்மத் ரசிகர்களும் சேர்ந்து கொண்டாடினார்கள், காரணம் அதே நேரத்தில் அவர்களுடைய ஜென்ம எதிரி சவுத்தாம்ப்டன் இறங்கிவிட்டது. அல்பத்தனம்தான், ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த அல்பத்தனம். அந்த மைதானத்தில் அன்று அழுதவர்களிடம் போய், மேலே செல்சீ ஜெயித்திருக்கிறது, நீங்கள் எதற்கு அழுகிறீர்கள் என்று கேட்பீர்களா? கேட்பீர்கள் போல. இப்போது கேட்டுக்கொண்டுதானே இருக்கிறீர்கள்.

நான் நீலச் சட்டை எவர்ட்டன் அணியின் கட்சி என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், தெரியாதவர்களுக்குத் தெரியப்படுத்த நம் குரூப்பில் ஆள் இருக்கிறது. அதனால் "சொந்தக் கதை, சோகக் கதை" என்று தள்ளிவிடுவது சுலபம். தள்ளுங்கள், பரவாயில்லை. ஆனால் 2022 மே 19 ராத்திரியைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போவேன்.

எதிரே கிரிஸ்டல் பேலஸ். இங்கே நடுராத்திரி தாண்டித்தான் மேட்ச் ஆரம்பம். வீட்டில் எல்லோரும் தூங்கியாச்சு, ஹாலில் லைட் போடாமல், சவுண்டை மொத்தமாகக் குறைத்துவிட்டு, டிவிக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். இடைவேளைக்குள் இரண்டு கோல் வாங்கியாச்சு. ஜெயித்தால் பிழைத்தோம், இல்லையென்றால் கடைசி நாள் ஆர்சனல் மைதானத்தில் போய் உயிரைப் பணயம் வைக்க வேண்டும் (அங்கே என்ன ஆனது என்று தெரியும்தானே, 5-1). அப்போது எனக்கு ஒரு போன் வந்தது. பெரிய கிளப் ரசிகர், வருஷா வருஷம் டைட்டில் பற்றி மட்டும் பேசுகிறவர். "தூங்காத, போனையும் வைக்காத, பார்ப்போம்" என்றார். பேசவே இல்லை, இரண்டு பக்கமும் மூச்சு மட்டும்தான். 54ஆவது நிமிடம் எங்கள் கீன் ஒரு கோல். 75இல் ரிஷார்லிசன். 85இல் கிரே அடித்த ஃப்ரீ கிக்குக்குக் கால்வர்ட்-லூவின் கீழே பாய்ந்து தலையால் முட்டினார் பாருங்கள், நான் துண்டை வாயில் திணித்துக்கொண்டு கத்தினேன். அந்தப் பக்கம் அவர் நிஜமாகவே கத்தி, அவர் வீட்டில் யாரோ எழுந்து வந்து திட்டிய சத்தம் எனக்குக் கேட்டது.

அந்த மனிதர்தான் இந்த மீமை நம் குரூப்பில் முதலில் போட்டவர். அதைப் பிறகு சொல்கிறேன்.

"அன்று உங்கள் ஆட்கள் மைதானத்துக்குள் இறங்கி ரகளை செய்தார்களே" என்று ஆரம்பிப்பீர்கள், தெரியும். பேலஸ் மேனேஜர் பேட்ரிக் வியேராவை ஒருவன் முகத்துக்கு நேரே போனை நீட்டிச் சீண்டியது அசிங்கம். அதில் எனக்கு வேறு கருத்து இல்லை. ஆனால் இது ஒரு விசித்திரமான நியாயம், கவனித்தீர்களா? பெரிய அணி டிராபி ஜெயித்துத் தெருவையே அடைத்தால் அது "பேரார்வம்", கீழே இருக்கிறவன் புல்லில் கால் வைத்தால் அது "ஒழுங்கீனம்". சரி, விடுங்கள்.

அடுத்தது, "நீங்கள் விதியை மீறி மாட்டிக்கொண்ட கிளப்தானே". ஆமாம், மாட்டிக்கொண்டோம். நஷ்டக் கணக்கு வரம்பைத் தாண்டியதற்காக 2023 நவம்பரில் பத்து பாயின்ட் வெட்டினார்கள், அப்பீலில் அதை ஆறாக்கினார்கள், ஏப்ரலில் இன்னொரு கேஸுக்கு இன்னும் இரண்டு. ஒரே சீசனில் மொத்தம் எட்டு. விதி என்றால் விதி, நான் மறுக்கவில்லை. எட்டையும் கட்டிவிட்டு 40 பாயின்டில் முடித்தோம், பதினைந்தாவது இடம், யாரிடமும் கையேந்தவில்லை. மேலே இருக்கும் ஒரு கிளப் மேல் 2023 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேலே குற்றச்சாட்டு வைத்தார்கள், விசாரணை தொடங்கவே 2024 செப்டம்பர் ஆனது. அவர்கள் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. எங்கள் கேஸுக்கு இருந்த வேகம் எல்லாக் கேஸுக்கும் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறேன். இதைக் கேட்டால் "அழுமூஞ்சி" என்பீர்கள். சொல்லிவிட்டுப் போங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். பதினேழாவது இடத்தை ஏன் கொண்டாடுகிறார்கள் என்று நிஜமாகவே புரியாதவர்களுக்காக 2023 மே 28. கடைசி நாள், எல்லா மேட்சும் ஒரே நேரத்தில். லெஸ்டர், லீட்ஸ், எவர்ட்டன், மூன்றில் ஒன்றுதான் பிழைக்கும். லெஸ்டர் 34ஆவது நிமிடத்தில் வெஸ்ட் ஹாமுக்கு எதிராக ஒரு கோல் போட்டது, அந்த நொடியில் அவர்கள் மேலே, நாங்கள் கீழே. 57ஆவது நிமிடத்தில் எங்கள் டூகூரே பாக்ஸுக்கு வெளியிலிருந்து ஒன்று அடித்தார், நாங்கள் மேலே, அவர்கள் கீழே. லெஸ்டர் மைதானத்தில் யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவர்கள் மேட்சை அவர்கள் 2-1 என்று ஜெயித்தார்கள். ஜெயித்துவிட்டு இறங்கினார்கள்! ஏழு வருஷத்துக்கு முன்னால் சாம்பியன் ஆன அணி அது. அந்த 34க்கும் 57க்கும் நடுவில் இருந்த 23 நிமிடம் எப்படி இருக்கும் என்று டைட்டில் ரேஸ் மட்டும் பார்க்கிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது, ஏனென்றால் இரண்டாவது வந்தவனுக்கு அடுத்த வருஷமும் அதே லீக், அதே பணம், மேற்கொண்டு ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் ஆடும் சாம்பியன்ஸ் லீக்.

பணம் என்றதும் ஞாபகம் வருகிறது. "இறங்கினால்தான் பாராசூட் பணம் தருகிறார்களே" என்று பொருளாதாரம் பேசினார் ஒருவர். இறங்கிய கிளப் நொடிந்துபோகாமல் இருக்க லீக் கொடுக்கும் பணம் அது. தருகிறார்கள், அதிகபட்சம் மூன்று வருஷம், வருஷா வருஷம் குறைந்துகொண்டே போகும், ஒரே சீசனில் ஏறி இறங்கியவர்களுக்கு இரண்டு வருஷம்தான். பிரீமியர் லீக்கில் கடைசி இடத்தில் முடிப்பவருக்கே பத்து கோடி பவுண்டுக்கு மேல் வருகிறது, அதை இழப்பது என்றால் என்ன என்று யோசியுங்கள். ஸ்டார் ஆட்டக்காரன் வேறு கிளப்புக்குப் பறந்துவிடுவான். அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர், கேன்டீனில் நிற்கிறவர், அவர்களுக்கு யார் பாராசூட் கட்டுவது? அந்தப் படத்தில் அழுகிற பெரியவருக்கு இவர்களில் யார் சொந்தம் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. அதனால்தான் நான் மீம் போடவில்லை.

இந்தக் கிண்டலில் எனக்குப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது, கொஞ்சம் ஓவர் என்று நினைத்தாலும் பரவாயில்லை. ஒரே கமெண்ட் வரிசையில் இரண்டு பேர் "ரெலிகேஷனே தேவையில்லை, ஏறி வர்ற டீம் எல்லாம் வேஸ்ட்" என்று எழுதியிருக்கிறார்கள். ஆதாரம் இருக்கிறது அவர்களிடம்: 2023-24இல் ஏறி வந்த மூன்றும் இறங்கின, 2024-25இல் ஏறி வந்த மூன்றும் இறங்கின, சவுத்தாம்ப்டன் வெறும் 12 பாயின்ட், ஏழு மேட்ச் மிச்சம் இருக்கும்போதே கதை முடிந்தது. சரி, இடைவெளி பெரிதாகிவிட்டது, உண்மை. அதற்கு வழி பணத்தைக் கீழே பங்கிடுவதா, கதவைச் சாத்துவதா? கதவைச் சாத்தும் ஐடியா புதிதும் இல்லை. 2021 ஏப்ரலில் ஆறு இங்கிலாந்து கிளப்புகள் நாங்கள் எப்போதும் இறங்கவே மாட்டோம் என்று எழுதிவைத்துக்கொண்டு சூப்பர் லீக் ஆரம்பிக்கப் பார்த்தன, சொந்த ரசிகர்களே தெருவில் இறங்கி இரண்டே நாளில் இழுத்து மூட வைத்தார்கள். அந்த ஆறு நிரந்தர உறுப்பினர்களில் ஒருவரான டாட்டன்ஹாம் 2024-25 லீக்கில் எத்தனையாவது வந்தது தெரியுமா? பதினேழு. 22 தோல்வி. அதே வருஷம் ஐரோப்பியக் கோப்பையான யூரோப்பா லீக் ஜெயித்தார்கள், ஃபைனலில் அவர்களிடம் தோற்ற மான்செஸ்டர் யுனைடெட் லீக்கில் பதினைந்தாவது. அன்றைக்கு யாரும் ஜஸ்ட் பாஸ் மீம் போட்டதாக எனக்கு நினைவில்லை. போட்டிருந்தாலும் ஹார்ட் இவ்வளவு விழுந்திருக்காது.

ஃபுல்ஹாமைப் பற்றி யாருமே பேசுவதில்லை, அதனால் நான் பேசுகிறேன். 2008 ஏப்ரல் கடைசியில் மான்செஸ்டர் சிட்டி மைதானத்தில் 2-0 என்று பின்னால், கிட்டத்தட்ட இறங்கியாச்சு. அந்த மேட்சை 3-2 என்று திருப்பினார்கள், அடுத்ததையும் ஜெயித்தார்கள், கடைசி நாள் போர்ட்ஸ்மத்தில் டேனி மர்ஃபி தலையால் ஒன்று போட, இறங்கிய ரெடிங் அணி அளவுக்கே பாயின்ட் எடுத்து கோல் வித்தியாசத்தில் பதினேழாவது. ராய் ஹாட்ஜ்சன் மேனேஜர். இரண்டே வருஷத்தில் அதே ஃபுல்ஹாம் ஐரோப்பிய ஃபைனலில் நின்றது. அந்த மூன்று மேட்ச் இல்லையென்றால் அந்த ஃபைனல் நடந்த ஹாம்பர்க் ராத்திரி இல்லை. இதைச் சொன்னால், "லெஸ்டர் கதையையும் சொல்லு, ஒன்பதில் ஏழு ஜெயித்துத் தப்பித்து அடுத்த வருஷம் சாம்பியன்" என்பீர்கள். அது உங்களுக்கே தெரிந்த கதை. ஆனால் ஒன்று, பதினேழாவது வந்தவன் பிற்பாடு ஏதாவது ஜெயித்தால்தான் அவன் அழுகைக்கு மரியாதையா? ஜெயிக்காமலே போகிறவர்கள்தான் அதிகம். அவர்களும்தான் அழுதார்கள்.

இப்போது நம் நண்பருக்கு. பெயர் போடவில்லை, உங்களுக்கே தெரியும், எல்லோருக்கும் தெரியும். "சும்மா ஜாலிக்குப் போட்டேன், உன்னைச் சொல்லலையே" என்று தனியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறீர்கள். என்னைச் சொல்லவில்லை, சரி. நீல மஃப்ளர் போட்ட வேறு யாரையோ சொன்னீர்கள். அந்த ராத்திரி போனைப் பிடித்துக்கொண்டிருந்த உங்களுக்கு அது ஜஸ்ட் பாஸாகத் தெரிந்திருந்தால் அன்றைக்கே வைத்துவிட்டுத் தூங்கியிருக்கலாமே. ஊர் உலகத்தில் யார் சிரித்தாலும் துடைத்துவிட்டுப் போயிருப்பேன். "டீம் மாத்திக்கோயேன்" என்று ஆபீஸில் சொல்லாத ஆள் கிடையாது, அதற்கெல்லாம் நான் பதிவு போட்டதில்லை.

அப்புறம், "எவர்ட்டனுக்கு 1995க்கு அப்புறம் என்ன டிராபி" என்று கமெண்டில் கேட்கத் தயாராக இருப்பவர்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன்: ஒன்றுமில்லை. டைப் செய்கிற சிரமம் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை எல்லா மேட்சும் ஒரே நேரத்தில். எனக்கு மேலே யார் கப் தூக்குகிறார்கள் என்பது மறுநாள் தெரிந்தால் போதும், கீழே நடப்பதைத்தான் இரண்டு ஸ்கிரீனில் வைத்துப் பார்க்கப்போகிறேன். அந்த இரண்டு மணி நேரம் யாரும் என்னை டேக் செய்யாதீர்கள், போனும் செய்யாதீர்கள். அந்த நண்பர் மட்டும் வேண்டுமானால் செய்யலாம், எடுப்பேனா என்று இப்போது சொல்ல முடியாது.